சொல்ல அஞ்சிய சொல்

வட அமெரிக்காவில், றொக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே, டெக்சாஸ், ஒக்லகோமா, கன்சாஸ், நெப்ராஸ்கா முதலிய மாநிலங்களை அளாவிப் பரந்து கிடப்பது பெருஞ்சமவெளி. கோதுமை விளையும் வளநிலம். மந்தைகள் மேயும் புல்வெளி. ஆயினும் ஏப்ரில் முதல் யூன் வரை அங்கு வாழும் கமக்காரனின் கண் நிலத்திலும் பார்க்க வானத்தையே நாடிநிற்கும். காலையில் தெளிந்திருந்த வானத்திலே மாலையில் எட்டு மைல் உயரத்துக்குக் கருமுகில் எழும். பந்தளவு ஆலங்கட்டிகள் பொழியும். சிலவேளை அம்முகிலின் அடியிலிருந்து யானைத் துதிக்கைபோல ஒரு சுழற்காற்று இறங்கி நிலத்தைத் தொடும். இதனையே டொர்னேடோ என்பர். கடலிற் பிறந்து நாட்கணக்கில் நகரும் சூறாவளி வேறு, இது வேறு. இதன் ஆயுள் பெரும்பாலும் சில நிமிடங்களே. ஆனால் வலியதொன்று கடந்த பாதையில், வீடிருந்த இடத்தில் அத்திவாரமே எஞ்சும்.

மூடியிட்ட பானை

இப்புயல்கள் அங்கே மிகுதியாகத் தோன்றுவதற்குக் காரணம் யாது? மெக்சிக்கோ வளைகுடாவிலிருந்து வெம்மையும் ஈரமும் நிறைந்த காற்றுத் தரையையொட்டி வடக்கு நோக்கி வருகிறது. தென்மேற்கிலுள்ள வறண்ட மேட்டுநிலங்களிலிருந்து உலர்ந்த வெப்பக்காற்று அதன்மேற் படர்கிறது. அதற்கும் மேலே, மலைகளைக் கடந்து குளிர்காற்று விரைகிறது. இடையிலுள்ள வெப்பக்காற்று, உலைப்பானையின் மூடிபோல அமைந்து, கீழுள்ள ஈரக்காற்றை மேலெழவிடாது அடக்கி வைக்கிறது. மூடி திறவாவிடின் அன்று துளி மழையும் இல்லை. திறந்துவிட்டாலோ, பகல் முழுதும் அடங்கிக் கிடந்த ஆற்றல் ஒரு மணி நேரத்துக்குள் வெடித்தெழும். உயரே செல்லச் செல்லக் காற்றின் திசையும் வேகமும் மாறுவதால், எழும் முகிலே சுழலத் தொடங்கும். மூடி திறக்குமா, எங்கே திறக்கும், எத்தனை மணிக்குத் திறக்கும் என்பனவே வானிலை அறிவிப்போரின் தீராத தலையிடி.

கணக்கும் உயிரும்

1884ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவச் சமிக்ஞைப் பிரிவைச் சேர்ந்த யோன் பின்லி என்பவர் இதனை முன்கூட்டி அறிவிக்கத் துணிந்தார். அவர் விடுத்த 2,803 அறிவிப்புகளில் நூற்றுக்கு 96க்கு மேற்பட்டவை சரியாயின. வியப்பன்றோ? ஆனால், ஒவ்வொரு நாளும் “வராது” என்றே சொல்லியிருந்தால் நூற்றுக்கு 98க்கு மேல் சரியாயிருக்கும் என்று அக்காலத்து அறிஞர் சுட்டிக்காட்டினர். உண்மையில் வந்த 51 தடவைகளில் 28ஐ அவர் முன்னறிந்து கூறினார் என்பதே பொருளுள்ள கணக்கு. “வராது” என்பவன் கணக்கில் வெல்லலாம். அவனால் ஓருயிரும் பிழைக்காது.

ஆயினும் அதிகாரிகள் வேறுவிதமாக எண்ணினர். அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தே மக்கள் பீதியடைவர், காற்றால் விளையும் கேட்டிலும் பீதியால் விளையும் கேடு பெரிதாகும் என்று கருதி, 1880களின் பிற்பகுதியில் “டொர்னேடோ” என்னும் சொல்லை வானிலை அறிவிப்புகளில் வழங்கலாகாதெனத் தடுத்தனர். சமவெளிக்குக் கிழக்கே, மிசூரி, இலினோய், இந்தியானா மாநிலங்களில் 1925 மார்ச் 18ஆம் நாள் ஒரே டொர்னேடோ 695 உயிர்களைக் குடித்தது. அன்றைய அறிவிப்பிலும் அச்சொல் இல்லை.

ஐந்து நாளில் இருமுறை

1948 மார்ச் 20ஆம் நாளிரவு, ஒக்லகோமா நகருக்கு அண்மையிலுள்ள டிங்கர் விமானப் படைத்தளத்தை டொர்னேடோ தாக்கியது. பலத்த காற்று வீசும், இடிமின்னல் இராது என்றே அன்று அறிவித்திருந்தனர். விசாரணைக் குழு இது முன்னறிய இயலாத தெய்வச் செயல் என்று முடிவு செய்தது. எனினும் தளபதி அமைதியடையவில்லை. மேஜர் போபுஷ், கப்டன் மில்லர் என்னும் இரு வானிலை அதிகாரிகளையும் அழைத்து, முன்னறிய வழியுண்டா என ஆராயுமாறு பணித்தார். அவர்கள் பழைய வானிலைப் படங்களை ஆராய்ந்து, டொர்னேடோ தோன்றிய நாட்களுக்குப் பொதுவான இயல்புகளைத் தொகுத்தனர்.

மார்ச் 25ஆம் நாட் காலைப் படம், 20ஆம் நாட் படத்தையே ஒத்திருந்தது. அறிவிப்பு விடுக்கப்போகிறீர்களா என்று தளபதி வினவினார். இருவரும் தயங்கினர். பொய்த்தால் நகைப்புக்கு இடமாகும். ஆயினும் பிற்பகல் மூன்று மணியளவில் அறிவிப்பு வெளியாயிற்று. விமானங்கள் கொட்டகைகளுள் ஏற்றப்பட்டன. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தோர் இறக்கப்பட்டனர். மாலை ஆறு மணியளவில் டொர்னேடோ தளத்தையே ஊடறுத்துச் சென்றது. ஓருயிரும் போகவில்லை.

இரு ஆண்டுகளின் பின், 1950இல், பொதுமக்களுக்கான அறிவிப்புகளில் அச்சொல்லை வழங்கத் தடையில்லை என்று வானிலைத் திணைக்களத் தலைவர் எழுத்து மூலம் அறிவித்தார்.

இன்று

1997 முதல் ஒக்லகோமாவின் நோர்மன் நகரில் இயங்கும் புயல் முன்னறிவிப்பு மையம், எட்டு நாட்களுக்கு முன்பிருந்தே அபாயமுள்ள பகுதிகளை வரைந்து காட்டுகிறது. முகிலின் உள்ளே காற்றுச் சுழல்வதை டொப்ளர் றேடார் காண்கிறது. எனினும் மூடியின் இரகசியம் முற்றாக வெளிப்படவில்லை. 1999 மே 3ஆம் நாட் காலையில் ஒக்லகோமாவுக்குச் சிறிதளவு அபாயம் என்றே கூறப்பட்டது. பிற்பகலிலே அது உச்ச நிலைக்கு உயர்த்தப்பட்டது. அன்று மாலை மூர் நகரைத் தாக்கிய டொர்னேடோவில் 36 பேர் மாண்டனர்.

அதே நகரை 2013 மே 20ஆம் நாள் மற்றொன்று தாக்கிற்று. அது நிலந்தொடுவதற்குப் பதினைந்து நிமிடங்களுக்கு முன்பே எச்சரிக்கை வெளியாயிற்று. ஆயினும் இறந்த 24 பேருள் எழுவர், நிலவறை இல்லாத ஓர் ஆரம்பப் பாடசாலையின் மாணவர். அறிவிப்பு வந்தது, ஒதுங்க இடமில்லை. முன்னறிவு மட்டும் போதாது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டியதில்லை.

இன்றும் அங்கு விடுக்கப்படும் டொர்னேடோ எச்சரிக்கைகள் பத்தில் ஏறத்தாழ ஏழு பொய்த்துப் போகின்றன. இதனைக் கண்டு எள்ளி நகையாடுவோரும் உளர். ஆனால் மக்களிடம் உண்மையைச் சொன்னால் அஞ்சிச் சிதறுவர் என்று அரைநூற்றாண்டுக் காலம் வாய்பொத்தியிருந்த அதிகாரிகளின் கணிப்பே பெரும் பொய்யாயிற்று. சமவெளி மக்கள் சிதறவில்லை. நிலவறை தோண்டினர், வானொலியைக் கேட்கப் பழகினர். ஏழு தடவை வீணாக இறங்கி ஏறிய தாய், எட்டாந் தடவையும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்குகிறாளே, அவளை நம்பியே அறிவிப்போர் வாய்திறக்கின்றனர்.