பழுதும் பழுதுபார்த்தலும்

மதுரையிலே பழைய வீடொன்றை விலைக்கு வாங்க எண்ணுகிறவர் என்னென்ன பார்க்கிறார்? வாசல் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்று பார்க்கிறார். மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வழக்கறிஞரிடம் காட்டுகிறார். தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா என்று ஒரு வாய் குடித்துப் பார்க்கிறார். பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் எவ்வளவு தூரம் என்று விசாரிக்கிறார். இவ்வளவும் செய்து, வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்துக் கொடுத்துக் குடிபுகுந்த பிறகுதான் சுவர்களை ஏறிட்டுப் பார்க்கிறார்.

அந்தச் சுவர்களை முன்கூட்டியே பார்த்துச் சொல்வதைத் தொழிலாகக் கொண்டவன் நான். அமெரிக்க நாட்டில் இது நன்கு வேரூன்றிய தொழில். வீட்டுப் பரிசோதகர்களின் சங்கம் ஒன்று அங்கே 1976ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. நம் நாட்டில் இது இன்னும் பிள்ளைப் பருவத்தில்தான் இருக்கிறது. ‘வங்கியிலிருந்து வந்து ஒருவர் பார்த்தாரே!’ என்று பலர் கேட்பதுண்டு. அவர் மதிப்பீட்டாளர், வீடு எவ்வளவு பெறும் என்பது அவர் கேள்வி. வீடு எதனால் நோகிறது என்பது என் கேள்வி. இரண்டும் ஒன்றல்ல.

இத்தொழிலுக்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. தூக்குக்குண்டு, ரசமட்டம், ஒரு கைவிளக்கு, தட்டிப் பார்க்க ஒரு சிறு மரச்சுத்தியல். பூச்சு சுவரோடு ஒட்டியிருந்தால் தட்டும்போது கெட்டியான ஒலி எழும். விட்டிருந்தால் வெற்றுப் பானையைத் தட்டுவதுபோல் ஒலிக்கும். ஆனால் இவற்றையெல்லாம் எடுப்பதற்கு முன்பே எனக்கு வழிகாட்டுவது ஒன்றுண்டு: முன்பு செய்த பழுதுபார்ப்பு. நான்கு சுவர்களில் ஒன்றுக்கு மட்டும் ஏன் புதுவண்ணம்? கூடத்தின் நடுவே ஏன் திடீரென்று ஓர் இரும்புத் தூண்? ஆறடி உயர அலமாரி ஏன் சன்னலை ஒட்டி நிற்கிறது? மறைக்க முயன்ற கையே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

விந்தையான பழுதுபார்ப்புகளுக்குப் பழைய மதுரைத் தெருக்களில் குறைவில்லை. சாலை போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தாரைப் பரப்புவது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். தெரு ஆண்டுக்காண்டு உயர்கிறது. வீடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்கிப் போகவேண்டும். ஐப்பசி மழையில் தெருத்தண்ணீர் உள்ளே வருகிறது. வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? உள்ளே மண் கொட்டித் தரையை ஓரடி உயர்த்துகிறார். தண்ணீர் நின்றது, ஆனால் நிலைவாயிலில் தலை இடிக்கிறது. அதோடு போனாலும் பரவாயில்லை. பழைய வீடுகளில் ஈரம் மேலேறாமல் இருக்கத் தரைமட்டத்தில் கருங்கல் வரிசை அமைந்திருக்கும். புது மண் அதற்கு மேலே சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அதன் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சுகிறது; இரண்டே ஆண்டில் சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து உதிர்கிறது. அடித்தளத்தைச் சுற்றிலும் வரிசையாக ஜாக்கிகளை வைத்து வீட்டையே மேலே தூக்கும் வேலையும் இப்போது தமிழ்நாட்டில் நடக்கிறது. தூக்கலாம், எனினும் சுவர்கள் அதைத் தாங்குமா என்று முதலில் பார்க்கவேண்டும்.

இனி விரிசலுக்கு வருவோம். எல்லா விரிசலும் ஒரே பேச்சைப் பேசுவதில்லை. சன்னலின் மூலையிலிருந்து படிக்கட்டுபோல் சாய்வாக ஏறினால் அடித்தளத்தின் ஒரு பக்கம் இறங்குகிறதா என்று ஐயுற வேண்டும். மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே நூல் பிடித்தாற்போல் கிடையாக ஓடினால் அது பெரும்பாலும் வெயிலின் வேலை. மாணவர்கள் இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் கான்கிரீட் தன் நீளத்தில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கு நீளும். தளத்தின் நீளம் 10 மீட்டர். விடியற்காலைக்கும் சித்திரை நண்பகலுக்கும் வெப்ப வேறுபாடு 30 பாகை எனக் கொள்வோம். தளம் 3 மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். கீழே உள்ள செங்கற்சுவர் அந்த அளவு அசைவதில்லை. ஆகவே இரண்டும் சேருமிடத்தில் விரிகிறது. இதற்குத் தளத்தின்மீது தட்டோடு பதித்து வெண்சுண்ணம் அடித்து வெப்பத்தைக் குறைப்பதே மருந்து. விரிசலில் சிமெண்டை அடைத்துக்கொண்டேயிருந்தால் அடுத்த சித்திரையில் மீண்டும் விரியும்.

சாய்வான விரிசலின் காரணத்தை அறிய வீட்டைவிட்டு வெளியே வந்து மண்ணைப் பார்க்கவேண்டும். மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் மண் ஒரே தன்மையதன்று. மேலூர்ப் பக்கம் செம்மண். வைகைக் கரையில் வண்டல். தெற்கே திருமங்கலம், கள்ளிக்குடி நோக்கிப் போனால் கரிசல். பருத்திக்கு உகந்த அந்தக் கரிசல் கட்டடத்துக்குக் கொடியது. மான்ட்மோரில்லொனைட் என்னும் களிமண் வகை அதில் மிகுதி. அது நீரை உள்வாங்கினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கரிசற்காட்டில் கை நுழையும் அளவு வெடிப்பு விடுவதைக் கண்டிருப்பீர்கள். வீட்டின் அடித்தளம் ஆழமில்லாதிருந்தால் வீடும் அந்த மண்ணோடு ஆண்டுதோறும் ஏறி இறங்கும்.

இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. கோடையில் விரிசல் அகன்று தெரிகிறது. வீட்டுக்காரர் கொத்தனாரை அழைத்து அதில் கெட்டியான சிமெண்டுக் கலவையைத் திணிக்கச் சொல்கிறார். மழை வருகிறது, மண் உப்புகிறது, விரிந்த சுவர் மூடிக்கொள்ளப் பார்க்கிறது. மூட முடியவில்லை, இடையிலே கல்போல் சிமெண்டு நிற்கிறது. ஆகவே சுவர் வேறோர் இடத்தில் பிளக்கிறது. மறு கோடையில் அதையும் அடைக்கிறார்கள். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தால் ஒரு விரிசல் இருந்த சுவரில் நான்கு இருக்கும். கொத்தனார்மீது குற்றமில்லை, அடைக்கச் சொன்னார்கள், அடைத்தார். காரணத்தைத் தேடும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை; அதற்குக் கூலியும் கொடுக்கவில்லை.

காரணத்தைத் தேடுவது கடினமன்று. விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனைகளிலும் சாந்து வைத்து ஒட்டித் தேதியை எழுதிவிட வேண்டும். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். ஆண்டு முழுதும் உடையாதிருந்தால் நகர்ச்சி நின்றுவிட்டது என்று ஓரளவு நம்பலாம். அதற்கிடையில் சுவரோரத்துச் சாக்கடை ஒழுகுகிறதா, பக்கத்து மரம் வேர்வழியே நீரை இழுக்கிறதா என்று பார்க்கவேண்டும். புதிதாகக் கட்டுபவர்களுக்கு ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் நல்ல வழி ஒன்றைக் காட்டியிருக்கிறது. மண் அசையாத ஆழம்வரை துளையிட்டு, அடிப்பகுதியில் குடம்போல் அகலப்படுத்திக் கான்கிரீட் இட்ட தூண்கள் அவை. குடத்தின் விட்டம் தூணைப்போல் இரண்டரை மடங்கு இருக்கும். மேல்மண் எவ்வளவு உப்பினாலும் குடம் தூணைப் பிடித்து நிறுத்திவிடுகிறது.

நகருக்குள் மண்ணின் கதையோடு வரலாற்றின் கதையும் சேர்ந்துகொள்கிறது. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அவருடைய நினைவாகவே விளக்குத்தூண் நிற்கிறது. அவ்வேலையில் ஈடுபட்ட நில அளவையாளர் மாரட்டின் பெயரும் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் வீதிப் பெயர்களாக இன்றும் வழங்குகின்றன. ஒரு மேஸ்திரிக்கு வீதியின் பெயரால் கிடைத்த சிறப்பு எனக்குத் தனி மகிழ்ச்சி தருவது. தூர்த்த நிலத்தில் கட்டுகிறவர் பொதுவாக ஒன்றை அறிந்திருக்கவேண்டும். கொட்டிய மண் ஒரே சீராக அமுங்குவதில்லை. வீட்டின் பாதி பழைய கெட்டி நிலத்திலும் பாதி கொட்டிய மண்ணிலும் நின்றால் நடுவே பிளக்கும்.

மதுரையின் பழைய கட்டடங்களில் தலைமையானது திருமலை நாயக்கர் மகால். 1636இல் கட்டப்பட்டது. இன்று நாம் காண்பது மூல அரண்மனையின் நான்கில் ஒரு பங்களவே என்பர். நாயக்கரின் பேரர் சொக்கநாதர் அதன் பகுதிகளைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனதாகக் கூறுவர். எஞ்சியது பின்னர்ச் சீர்கெட்டது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதைப் புதுப்பிக்கச் செய்தார். பிறகு அங்கே நீதிமன்றங்கள் நெடுங்காலம் இயங்கின. ஆள் புழங்கும் கட்டடத்தில் ஒழுக்கைக் கண்டவுடன் யாராவது குரல் கொடுப்பார்கள். பூட்டிய கட்டடத்தில் ஆலங்கன்றுதான் முதலில் பார்க்கும்.

மகாலின் செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையும் நமக்கு இன்னொரு செய்தியையும் தருகின்றன. சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் சுவர். உள்ளே புகுந்த ஈரம் பூச்சின் வழியே வெளியேறிவிடும். அதன்மேல் ‘பலமாக இருக்கட்டும்’ என்று சிமெண்டுப் பூச்சுப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படுகிறது. சிமெண்டு கெட்டியாக நிற்கும். பின்னால் செங்கல் கரையும். பழைய வீடுகளின் மட்டப்பாவிலும் இதே தவறு. தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய் நீரும் வெல்ல நீரும் கலந்து இடித்து, தட்டோடு பதித்த தளம் அது. ஒழுகியது என்று ஒருமுறை சிமெண்டு, மறுமுறை தார், பிறகு மீண்டும் சிமெண்டு. பளு ஏறுகிறது. சுவருக்குள் புதைந்த சட்டத்தின் முனையோ ஈரத்தில் மக்குகிறது. நான் முதலில் கைவிளக்கைப் பிடிப்பது அந்த முனைகளில்தான்.

கான்கிரீட் வீடுகளின் எதிரி துரு. இரும்பு துருப்பிடித்தால் பன்மடங்கு பருக்கிறது. உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. உதிர்ந்த இடத்தில் துருவைச் சுரண்டாமல் பூசி வெள்ளையடிப்பது, சீழை எடுக்காமல் புண்ணைக் கட்டுவதற்கு ஒப்பாகும். சில காலம் கழித்து அது கட்டிலின்மேல் விழும். 2019 டிசம்பர் 2ஆம் நாள் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் தொடர்மழையில் மதிற்சுவர் ஒன்று வீடுகள்மீது சரிந்து 17 பேர் உயிரிழந்தனர். சுவரைப் பார்ப்பது பணத்தைக் காக்கும் வேலை மட்டும் அன்று.

இதைத் தொழிலாக நடத்துவதிலுள்ள இடர்ப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். தரகருக்கு முணுமுணுக்காமல் தரகு கொடுப்பவர், பார்த்துச் சொல்பவனுக்குக் கூலி கொடுக்கத் தயங்குகிறார். செங்கல்லைக் கண்ணால் காணலாம். சொல்லைக் காண முடிவதில்லை. ஆகவே பரிசோதகனுக்கு இரண்டு சபலங்கள் வருகின்றன. ஒன்று, ‘பழுதை நானே சரிசெய்து தருகிறேன்’ என்று வேலையைப் பிடித்துக்கொள்வது. அப்படிச் செய்பவன் கண்ணுக்கு எல்லாச் சுவரும் பழுதாகவே தோன்றும். மற்றொன்று, தரகரிடம் பங்கு பெறுவது. அவன் கண்ணுக்கு எந்தச் சுவரிலும் பழுது தோன்றாது. நான் முன்னே சொன்ன அமெரிக்கச் சங்கம், தான் சோதித்த வீட்டில் ஓராண்டுவரை கூலிக்குப் பழுதுபார்க்கும் வேலையை ஏற்கக் கூடாதென்று தன் உறுப்பினர்களுக்கு விதித்திருக்கிறது. நம் ஊரில் அப்படி விதிப்பார் இல்லை; அவரவரே விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் வருவாய் குறையத்தான் செய்யும். ஆனால் வாங்குபவர் நம் சொல்லை நம்பாவிட்டால் விற்பதற்கு நம்மிடம் வேறு சரக்கு ஏது?

அறிக்கை எழுதுவதிலும் ஒரு நேர்மை உண்டு. கண்டதை எழுதவேண்டும், காணாததையும் எழுதவேண்டும். ‘பரண் பூட்டியிருந்தது, பார்க்கவில்லை’ என்ற ஒரு வரி மிக முக்கியமானது.

சட்டம் என்ன சொல்கிறது? 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, தமக்குத் தெரிந்த முக்கியமான குறையை விற்பவர் வாங்குபவருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க இயலாத குறைக்கே அது பொருந்தும். பார்த்தால் தெரிந்திருக்கும் என்றால் பொறுப்பு பார்க்காதவருடையதே. புதிய அடுக்ககங்களுக்கு 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம் கூடுதல் காப்பு அளிக்கிறது. ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரிவிக்கப்பட்டால் கட்டியவர் 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். பழைய வீட்டை வாங்குபவருக்கு அக்காப்பு இல்லை.

ஆகவே உங்கள் இல்லத்தார் வீடு பார்க்கப் புறப்பட்டால் நீங்களும் உடன் செல்லுங்கள். கூடுமானால் பெருமழை பெய்த மறுநாள் செல்லுங்கள். மாடிக்கு ஏறித் தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது என்று பாருங்கள். பிறகு கீழே இறங்கி, அதே இடத்துக்கு நேர் கீழே கூரையில் புதுவண்ணம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், அந்த வண்ணத்தை எப்போது, எதற்காக அடித்தார்கள் என்று விற்பவரை வணக்கத்தோடு கேளுங்கள்.