பறக்கும் ஐசியூவுக்குள் எட்டிப் பார்க்கலாமா?

சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டியதும் டம்மென்று உப்பி நிற்குமே, கவனித்திருக்கிறீர்களா? ஏர் ஆம்புலன்ஸில் ஏறும் டாக்டரின் பெரிய கவலைகளில் ஒன்று அதுதான். சத்தியமாக!

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அடைபட்ட காற்றெல்லாம் விரியும். விமானத்துக்குள் அழுத்தம் 8,000 அடி மலையில் இருக்கும் அளவுக்குக் குறைந்தால், அந்தக் காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். வென்டிலேட்டரில் இருப்பவரின் மூச்சுக்குழாயில் செருகிய டியூபைச் சுற்றி ஒரு குட்டி பலூன் உண்டு. அது வீங்கினால் உள்சதையை நசுக்கும். அதனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் அழுத்தத்தை அளந்து சரிசெய்கிறார்கள். காற்றுக்குப் பதில் சலைன் நிரப்புவோரும் உண்டு. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கிறதா? கிளம்புவதற்கு முன்பே நெஞ்சில் டியூப் போட்டு வெளியேற்றிவிடுவார்கள். மண்டைக்குள் காற்று புகுந்திருக்கிறதா? தாழப் பறக்கும்படி பைலட்டிடம் சொல்வார்கள். எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும். குடிக்கட்டுமே!

ஸ்டெதாஸ்கோப்? இன்ஜின் இரைச்சலில் அது வெறும் கழுத்து அலங்காரம். கண் முழுக்க மானிட்டர் மேல்தான். இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரெச்சரைப் பொருத்திய கிங் ஏர் போன்ற விமானத்தில் நிமிர்ந்து நிற்கக்கூட முடியாது. குனிந்தபடியேதான் மொத்த வைத்தியமும்!

ஓமலூர் பக்கம் கமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். இந்தச் சின்ன விமானங்களுக்குத் தாராளம். ஆனால், கொல்லிமலைக்காரருக்கு அதனால் என்ன லாபம்? ஓடுபாதைக்கு வருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கியாக வேண்டுமே! ஆஸ்திரேலியாவில் 1928-லேயே டாக்டர் விமானமேறி நோயாளியைத் தேடிப் போனார். அங்கே சமவெளி, இறங்க இடமிருந்தது. நம் மலைக்கு, நின்ற இடத்திலிருந்தே செங்குத்தாக எழும்பும் வண்டிதான் வேண்டும்.

அதுவும் தயாராகிறது, அதுவும் நம் சென்னையில்! ஐஐடி மெட்ராஸில் பிறந்த இ-பிளேன் நிறுவனம், பேட்டரியில் பறக்கும் 788 ஏர் ஆம்புலன்ஸ்களைத் தர அந்தச் சேவையை நடத்தும் ஐகாட் நிறுவனத்துடன் 2025-ல் ஒப்பந்தம் போட்டது. நாட்டில் மாவட்டத்துக்கு ஒன்று என்பது கணக்கு. அப்படியானால் சேலத்துக்கு ஒன்று, நாமக்கல்லுக்கு ஒன்று! பைலட், மருத்துவ உதவியாளர், நோயாளி, ஸ்ட்ரெச்சர் எல்லாம் உள்ளே. பறக்கும் சான்றிதழ் கைக்கு வரும்வரை கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும்.

அதுவரை மலையின் விமானம் 108-தான். 2008-லிருந்து தமிழ்நாட்டில் ஓடுகிற வண்டி. இறக்கை மட்டும்தான் இல்லை. விடுமுறைக்குக் கொல்லிமலை போகிறவர்களே, வளைவில் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்காதீர்கள். சைரன் கேட்டால் ஓரம் ஒதுங்கி வழிவிடுங்கள்.