சக்கரத்தின் முதுகைப் பார்த்து வாங்குங்க!

பளபளப்பில் மயங்கினால் டயர் கிழியும், பேரிங் அலறும்!

சென்னை,

புதுக்கார் வாங்கியதும் நம்ம ஊர்க்காரர் செய்கிற முதல் வேலை என்ன? கோவில் வாசலில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவது.

இரண்டாவது வேலை? எலுமிச்சம்பழம் நசுக்கிய அதே சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, மினுமினுக்கும் அலாய் வீல் மாட்டுவது!

அண்ணாசாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு நடை நடந்து பாருங்கள். கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வீல்களைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது மூன்றே கேள்விதான்.

"எத்தனை இஞ்சு? என்ன கலரு? என்ன ரேட்டு?"

கேட்க வேண்டிய நாலாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்காமல் மாட்டிக்கொண்டு போனால் டயர் கிழியலாம். ஸ்டியரிங் கையைப் பிடுங்கலாம். ஆளுக்கே ஆபத்து வரலாம்.

அந்தக் கேள்வி இதுதான்: "ஈ.டி. எவ்வளவு?"

அமலாக்கத்துறை அல்ல!

ஈ.டி. என்றதும் அமலாக்கத்துறை ரெய்டு என்று பயப்பட வேண்டாம். இது வீலின் முதுகுப் பக்கம் அச்சடித்திருக்கும் ஒரு நம்பர். 'ஈ.டி. 45', 'ஈ.டி. 38' என்று இருக்கும். ஒரு ஜெர்மன் வார்த்தையின் சுருக்கம். இங்கிலீஷில் இதற்கு ஆப்செட் என்று பெயர். அச்சகத்து ஆப்செட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

விஷயம் ரொம்ப சுலபம். ரிம்மின் அகலத்தில் சரிபாதியில் ஒரு கோடு போட்டதாக வைத்துக் கொள்ளுங்கள். காரின் ஹப்பில் போய் ஒட்டுகிற பரப்பு, அந்த நடுக்கோட்டில் இருந்து எத்தனை மில்லி மீட்டர் தள்ளி இருக்கிறது? அதுதான் ஆப்செட்.

ஒட்டுகிற பரப்பு தெருப்பக்கமாகத் தள்ளி இருந்தால் 'பிளஸ்'. கார் அடிப்பக்கமாகத் தள்ளி இருந்தால் 'மைனஸ்'. நடுக்கோட்டிலேயே இருந்தால் பூஜ்யம்.

ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரே வரி: நம்பர் குறைந்தால் சக்கரம் வெளியே வரும், நம்பர் கூடினால் சக்கரம் உள்ளே போகும்.

ஸ்போர்ட்ஸ் கார் கணக்கு

கணக்குப் போட ஒரு ஸ்போர்ட்ஸ் காரையே எடுத்துக் கொள்வோம். டொயோட்டா 86. டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கி, 2012-ல் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட கார் இது. வெளிநாடுகளில் இதை வாங்குகிற இளவட்டங்கள் முதலில் கை வைப்பது சக்கரத்தில்தான். அதனால் உதாரணத்துக்குத் தோதான கார்.

கம்பெனியில் இருந்து வரும் 17 இஞ்சு வீலின் அகலம் 7 இஞ்சு. ஈ.டி. 48.

7 இஞ்சு என்றால் ஏறக்குறைய 178 மில்லி மீட்டர். பாதி 89. அதில் இருந்து 48-ஐக் கழித்தால் 41. ஹப்பில் இருந்து ரிம்மின் வெளி விளிம்பு 41 மில்லி மீட்டரில் நிற்கிறது. 89-டன் 48-ஐக் கூட்டினால் 137. உள் விளிம்பு அத்தனை தூரம் உள்ளே இருக்கிறது.

இப்போது ஒருவர் எட்டரை இஞ்சு அகலமுள்ள 18 இஞ்சு வீல் மாட்டுகிறார். ஈ.டி. 45. எட்டரை இஞ்சில் பாதி 108. கழித்தால் 63, கூட்டினால் 153. அதாவது பழையதைவிட வெளியே 22, உள்ளே 16 மில்லி மீட்டர் கூடுதல். இந்தக் காரில் பலரும் மாட்டி ஓட்டுகிற அளவு இது. தோதான டயர் போட்டால் பிரச்சினை இல்லை.

அதே எட்டரை இஞ்சு வீல், அதே டிசைன், அதே கலர். ஈ.டி. மட்டும் 20 என்று வைத்துக் கொள்வோம். வெளி விளிம்பு 88-க்குப் போய்விடும். பழையதைவிட 47 மில்லி மீட்டர் வெளியே! கிட்டத்தட்ட இரண்டு இஞ்சு!

ஈ.டி. 60 ஆக இருந்தால்? கதை தலைகீழ். உள்ளே 31 மில்லி மீட்டர் போய், ஷாக் அப்சார்பர் பக்கம் முட்டப் பார்க்கும்.

முன்னால் நின்று பார்த்தால் மூன்று வீலும் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க முதுகில் இருக்கிறது.

இடுப்புக் குடமும் நீட்டிய கையும்

"சும்மா ரெண்டு இஞ்சு வெளியே நின்னா கெத்தாதானே இருக்கும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. என்ன நடக்கும் என்று பாருங்கள்.

முதல் அடி டயருக்கு. நாலு பேர் ஏறி உட்கார்ந்து, கார் ஒரு பள்ளத்தில் இறங்குகிறது. மட்கார்டு கீழே வரும். டயர் அதற்கு உள்ளே அடங்காமல் வெளியே நின்றால், மட்கார்டின் தகர விளிம்பு டயரின் தோளில் உட்காரும். ஒரு தரம் உரசினால் கோடு. பல தரம் உரசினால் வெட்டு. வேகமாகப் போகும்போது அந்த வெட்டு பிளந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது அடி பேரிங்குக்கு. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் பாரம் அவ்வளவாகத் தெரியாது. அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், தோள்பட்டை கழன்றுவிடும். சக்கரம் வெளியே போகப் போக, ஹப் பேரிங்குக்கு அந்த நீட்டிய கை கதிதான். சீக்கிரமே 'ஊம்...' என்று சத்தம் கிளம்பும்.

மூன்றாவது அடி ஸ்டியரிங்குக்கு. முன்சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ, அந்த அச்சு தரையைத் தொடும் இடத்தையும் டயரின் நடுப்பகுதியையும் கம்பெனி கணக்குப் பண்ணித்தான் வைத்திருக்கிறது. சக்கரத்தை வெளியே தள்ளினால் அந்தத் தூரம் மாறிவிடும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தாலோ, மணலில் பிரேக் பிடித்தாலோ ஸ்டியரிங் சடக்கென்று ஒரு பக்கம் இழுக்கும்.

நாலாவது அடி, கார் வைத்திருக்காதவர்களுக்கு! வெளியே துருத்தி நிற்கும் டயர், சேற்றையும் கல்லையும் பின்னால் வரும் ஸ்கூட்டர்காரர் முகத்தில் அடிக்கும். மட்கார்டு எதற்காக இருக்கிறதோ அந்த வேலையே போச்சு!

போல்ட் பொருந்தினால் போதுமா?

"அஞ்சு ஓட்டையும் பொருந்திடுச்சு சார், அப்புறம் என்ன?" என்பது அடுத்த வாதம்.

மேலே சொன்ன டொயோட்டா 86-க்கு ஐந்து போல்ட். அந்த வட்டத்தின் குறுக்களவு 100 மில்லி மீட்டர். 2010-ல் இருந்து 2022 வரை நம் நாட்டில் விற்பனையான போக்ஸ்வாகன் போலோவுக்கும் அதே ஐந்து, அதே 100. ஆகவே ஒன்றின் வீல் இன்னொன்றுக்குச் சேரும் என்று தோன்றும்.

இங்கேதான் கோட்டை விடுவார்கள். போலோ வீலின் நடு ஓட்டை 57.1 மில்லி மீட்டர். 86 காரின் ஹப் 56.1. மாட்டினால் ஒரு மில்லி மீட்டர் லொடலொடக்கும். அதை அடைக்க ஹப் ரிங் என்று ஒரு வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் வீல் மையத்தில் உட்காராமல், வேகம் பிடித்ததும் ஸ்டியரிங் நடுங்கும். 86 வீலைப் போலோவுக்கு மாட்டப் போனால் ஹப்பே நுழையாது.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. போலோவின் போல்ட் தலை உருண்டையாக உட்காரும். 86-ன் நட்டு கூம்பாக உட்காரும். உருண்டைக் குழியில் கூம்பு நட்டு போட்டால், சுற்றிலும் ஒரு கோட்டில் மட்டும்தான் தொடும். முறுக்கினது மாதிரி இருக்கும், ஓட ஓடத் தளரும். சக்கரம் தனியாகக் கழன்று ஓடுவதற்கு இதுவே போதும். அந்தச் சக்கரம் போய் யார் மேல் மோதும் என்று யாருக்குத் தெரியும்?

ஈ.டி. சரியில்லாத வீலை 'ஸ்பேசர்' தட்டு வைத்துச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள். தட்டு எத்தனை மில்லி மீட்டர் கனமோ, அத்தனையும் நட்டு கடிக்கும் மரையில் குறையும். நீளமான போல்ட் மாற்றாமல் தட்டு மட்டும் சொருகுவது தற்கொலை முயற்சி.

ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும்!

ரிம் பெரிதானால் டயரின் உயரம் குறைய வேண்டும். மொத்தக் குறுக்களவு பழையபடியே இருக்க வேண்டும் என்பதுதான் விதி.

86-க்கு கம்பெனி டயர் 215/45 ஆர் 17. குறுக்களவு 625 மில்லி மீட்டர். 18 இஞ்சு ரிம்முக்கு 225/40 போட்டால் 637. வித்தியாசம் 2 சதவீதத்துக்குள். பரவாயில்லை. அதே ரிம்முக்கு 225/45 போட்டால் 660. ஐந்தரை சதவீதம் கூடுதல். ஸ்பீடாமீட்டர் 100 என்று காட்டும்போது, முன்பு அதே 100-ல் ஓடியதைவிட ஐந்தரை கிலோ மீட்டர் கூடுதலாக வண்டி பறந்து கொண்டிருக்கும். கேமரா படம் பிடித்து அபராதச் சீட்டு வந்த பிறகு ஸ்பீடாமீட்டரைத் திட்டிப் பயனில்லை.

ஒல்லி டயருக்கு நம்ம ஊர் மழைக்காலப் பள்ளமும் எமன். காற்று மெத்தை குறைவு. அடி நேராக ரிம்மில் விழும். அலாய் வீல் வளைவதற்குப் பதில் விரிசல் விடவும் கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தித் தீர்ப்பு அளித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் என்று வந்தது.

கம்பெனியே அந்த மாடலுக்கு அனுமதித்த அளவுகளுக்குள் இருப்பது நல்லது. வீல் மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மறைத்தால், இழப்பீடு கேட்கப் போகும் நாளில் வம்பு வரும்.

கையில் ஒரு ஸ்கேல் போதும்

கடைக்குப் போகிறவர்கள் செய்ய வேண்டியது இதுதான்:-

* உங்கள் காரின் பழைய வீலைக் கழற்றி, முதுகில் உள்ள அகலத்தையும் ஈ.டி.யையும் குறித்துக் கொள்ளுங்கள்.

* புது வீலையும் திருப்பிப் பாருங்கள். ஈ.டி., தாங்கும் எடை இரண்டும் தெளிவாக இருக்க வேண்டும். ஒரு வீல் தாங்கும் எடை, அதிகப் பாரம் விழும் அச்சின் எடையில் பாதிக்குக் குறையக் கூடாது. ஜப்பான் சரக்கு என்றால் 'ஜே.டபிள்யூ.எல்.' முத்திரை இருக்கும்.

* நம்பர் அழிந்திருந்தால் அளந்துவிடலாம். வீலைக் குப்புறப் போட்டு, முதுகு விளிம்பின் மேல் குறுக்காக ஒரு நேர்ச்சட்டம் வையுங்கள். சட்டத்தில் இருந்து ஹப் ஒட்டும் பரப்பு வரை ஸ்கேலால் அளந்து கொள்ளுங்கள். பிறகு விளிம்போடு விளிம்பு மொத்த அகலத்தை அளந்து, அதில் பாதியைக் கழியுங்கள். மிச்சம்தான் ஈ.டி. உதாரணத்துக்கு, சட்டத்தில் இருந்து 150 மில்லி மீட்டர், மொத்த அகலத்தில் பாதி 102 என்றால், ஈ.டி. 48.

* டயர் ஏற்றும் முன்பு வெறும் ரிம்மை முன்னாலும் பின்னாலும் மாட்டிப் பாருங்கள். பிரேக் காலிப்பரில் தட்டாமல் சுற்ற வேண்டும்.

* டயர் ஏற்றிய பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். பின் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து ஒரு வேகத்தடை ஏறி இறங்குங்கள். 'கர்ர்' என்று சத்தம் வந்தால் அந்த வீல் வேண்டாம்.

* நட்டை கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முறுக்கச் சொல்லுங்கள். 80, 100 கிலோ மீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தரம் சரி பார்க்க வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

லட்ச ரூபாய் மாருதிக்கும் கோடி ரூபாய் ஸ்போர்ட்ஸ் காருக்கும் கணக்கு ஒன்றுதான். மாறுவது நம்பர் மட்டுமே.

வீலைத் திருப்பிக் காட்டச் சொன்னால் கடைக்காரர் முகம் சுளிக்கலாம். "அதெல்லாம் எல்லா வண்டிக்கும் சேரும் சார்" என்று சொல்லலாம். கவலைப்படாதீர்கள். அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது.