மாறும் பருவமும் நமது சங்கமும்

உலகெங்கும் இன்று கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. பருவநிலை மாறிவருகிறது, அதனை எதிர்த்து நிற்கும் ஆற்றல் மனித சமுதாயத்திற்கு உண்டா? கேள்வி பெரியது. ஆயினும் செங்கல்பட்டுச் சீமையில் ஏரிப் பாசனத்தை நம்பி உழுபவருக்கும், குழித்தறியில் அமர்ந்து நெய்பவருக்கும் இது தொலைதூரத்துக் கேள்வியன்று. ஆகவே நமது அங்கத்தினர்களின் சிந்தனைக்கு அதனை இங்கே எடுத்துக் கொள்கிறோம்.

முதலில் மாற்றம் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் கரியமில வாயு காற்றில் சேர்கிறது. 1958-இல் ஹவாய்த் தீவில் இதனை இடைவிடாது அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் அவ்வாயு ஏறக்குறைய 315 பங்கு இருந்தது. இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியோடு ஒப்பிட, உலகின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 1.1 டிகிரி உயர்ந்துள்ளது என்றும், 1901 முதல் 2018 வரை கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியுள்ளது என்றும், பல நாட்டு அறிஞர்கள் கூடிய குழு 2021-இல் அறிவித்தது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால், காற்று தாங்கக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏழு பங்கு கூடுகிறது. மழை பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதற்கும், பெய்யாதபோது நிலம் விரைவில் காய்வதற்கும் இது காரணமாகிறது.

நமது பகுதியின் அனுபவத்தைப் பார்ப்போம். 2015 டிசம்பர் முதல் தேதியன்று பெய்த பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. நான்கு ஆண்டுகளுக்குள், 2019 கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு தரை தெரிந்தது. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகே கரை கடந்தது. இவற்றுள் ஒவ்வொன்றும் பருவநிலை மாற்றத்தாலேயே நிகழ்ந்தது என்று அடித்துக் கூறுதல் முறையன்று. புயலும் பஞ்சமும் முன்னரும் இருந்தன. எனினும் இத்தகையவை இனி அதிகக் கடுமையோடு வரலாம் என்பதே அறிஞர் கருத்து.

இதனால் யாருக்கு என்ன நட்டம்? சம்பா கதிர் வாங்கும் வேளையில் வயல் நாட்கணக்கில் மூழ்கினால், உழவரின் ஒரு போகம் போயிற்று. வாங்கிய பயிர்க்கடன் மட்டும் நிற்கும். நெசவாளர் நிலையும் வேறன்று. பாவுக்குக் கஞ்சியிட்டுத் தெருவில் விரித்து ஆற்ற வெயில் வேண்டும். மழை நீடித்தால் பாவு ஏறாது. தறிக்குழியில் நீர் ஊறினால் தறி ஓடாது. தறி ஓடாத நாளுக்குக் கூலி கிடையாது. கடற்கரையோரத்தில் கிணற்று நீரை அளவுக்கு மீறி இறைக்கும் இடங்களில் நிலத்தடியில் உப்புநீர் உட்புகுகிறது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013 முதல் நகரத்திற்கு உதவுகிறது. ஆனால் அவ்வளவு செலவில் ஆக்கும் நீரைக் கொண்டு நெல் விளைவிக்க இயலாது. நமக்கு ஏரியே கதி.

ஏரிகள் மிகுந்த சீமை என்று பெயர் பெற்றது நமது செங்கல்பட்டு. இங்குள்ள ஏரிகள் தனித்தனி நிற்பவையல்ல. மேல் ஏரியின் கலங்கல் வழியும் நீர் கீழ் ஏரிக்கு வரத்தாகும். மேல் ஏரியில் தூர் சேர்ந்து கொள்ளளவு குறைந்தால், மழைக்காலத்தில் கீழூருக்கு வெள்ளம். கோடையில் இரண்டு ஊருக்கும் வறட்சி. மேலூரார் தம்மைக் காக்க இரவில் கரையை வெட்டிவிட்டால் கீழூரார் அழிவர். ஆகவே ஏரியைக் காத்தல் என்பது ஒருவரால் ஆகக்கூடியதன்று.

இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் ஏரி வாரியம் முதலியவற்றிற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதிகளைக் கூறுகின்றன. பதவிக் காலம் 360 நாட்களே. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வர இயலாது. தணிக்கையின் அருமையை இதைவிடத் தெளிவாக உரைத்தவர் யார்? ஆயினும் அச்சபையில் நிலமும் கல்வியும் உடைய ஆடவர் சிலருக்கே இடமிருந்தது. பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் இல்லை. அந்தக் குறையை நீக்கி, அந்த ஒழுங்கைக் கைக்கொள்வதே இன்றைய கூட்டுறவின் கடமை.

பொதுச் சொத்தை மக்கள் தாமாகக் காக்க மாட்டார்கள், ஒவ்வொருவரும் தம் இலாபத்தையே நாடி அதனை அழித்துவிடுவர் என்று அமெரிக்க அறிஞர் காரெட் ஹார்டின் 1968-இல் எழுதினார். எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார் பல நாடுகளின் பாசனக் கால்வாய்களையும் காடுகளையும் மீன்பிடி நீர்களையும் ஆராய்ந்து, அது எப்போதும் உண்மையன்று என்று 1990-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். 2009-இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசும் பெற்றார். பயன்பெறுவோரே விதி வகுத்தல், விதி நடப்பதைத் தாமே கண்காணித்தல், மீறுவோர்க்குப் படிப்படியாகத் தண்டம் விதித்தல், வழக்கைச் சுருக்கமாகத் தீர்த்தல் ஆகியவை உள்ள இடங்களில் பொதுச் சொத்து நெடுங்காலம் நிலைத்தது என்பது அவர் கண்டது. இவை கூட்டுறவுக்குப் புதியவை அல்லவே!

உலகமும் ஓர் ஏரிச் சங்கிலி போன்றதே. தொழில் வளம் மிக்க நாடுகள் மேல் ஏரியில் இருக்கின்றன. நூறாண்டுகளுக்கு மேலாக அவை புகை வெளியிட்டதன் பயனைக் கீழ் ஏரியில் இருப்போர் அடைகின்றனர். இந்தியரின் தலைக்கு வீதம் வெளியாகும் கரியமில வாயு இன்றும் உலகச் சராசரிக்குக் குறைவே. 2015-இல் பாரிஸ் மாநகரில் நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 2022-இல் எகிப்தில் கூடி, நட்டமடையும் நாடுகளுக்கென ஒரு நிதி அமைக்க இசைந்தன. மேலூரார் தம் கடமையைச் செய்யும்படி வற்புறுத்துவது நமது உரிமை. அதுவரையில் நம் கரையைப் பார்க்காதிருப்பது பேதைமை.

அப்படியாயின் ஒரு சங்கம் செய்யக்கூடியவை யாவை?

முதலாவது, வடகிழக்குப் பருவம் தொடங்குமுன், புரட்டாசி முடிவதற்குள், வரத்துக்கால், கரை, மதகு, கலங்கல் ஆகியவற்றை அங்கத்தினர் நேரில் பார்த்து, குறைகளைத் தீர்மானமாக எழுதிப் பொதுப்பணித் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் ஊராட்சிக்கும் அனுப்புதல். கீழ் ஏரிச் சங்கத்தாரையும் உடன் அழைத்தல் நன்று.

இரண்டாவது, பயிர்க் காப்பீடு. 2020 முதல் கடன் பெறுவோருக்கும் இது அவரவர் விருப்பத்திற்கு விடப்பட்டுள்ளது. கெடு தேதியைச் சங்கத்தின் வாயிலில் எழுதி ஒட்டுவதோடு நில்லாமல், எழுத்தறியாதவருக்கு வாய்மொழியாகவும் சொல்லுதல் வேண்டும்.

மூன்றாவது, விதை. இரு வாரங்கள் வரை வெள்ளத்தில் மூழ்கினாலும் மீண்டெழும் நெல் வகைகள் வந்துள்ளன, சி.ஆர். 1009 சப் 1 அவற்றுள் ஒன்று. தாழ்ந்த வயல் உடையோருக்கு இத்தகைய விதையைச் சங்கம் முன்கூட்டியே தருவிக்கலாம்.

நான்காவது, நெசவாளர் சங்கங்கள் தறிக்குழியைச் சுற்றி மேடை உயர்த்தவும், பாவு ஆற்றுவதற்குப் பொதுக் கூரைக் கொட்டகை அமைக்கவும் முனைதல். மழைக்காலத்திற்கு முன்பே பாவு ஏற்றி வைக்க நூலைக் காலத்தில் வழங்கினாலே பல நாட் கூலி மிஞ்சும்.

ஐந்தாவது, சட்டமும் துணை விதிகளும் இடந்தரும் அளவில், நிகர லாபத்தில் ஒரு பகுதியைப் பொது நன்மைக்கென ஒதுக்கி, பேரிடர் காலத்தில் அதனை எவ்வாறு செலவிடுவது என்று பொதுப் பேரவையில் முன்னதாகவே முடிவு செய்தல். வெள்ளம் வந்தபின் விதி வகுத்தால் பாரபட்சம் புகும்.

இவற்றால் கடல்மட்டம் தாழ்ந்துவிடாது. புயல் திசை மாறாது. அந்த வேலை அரசுகளுக்கும் உலக நாடுகளுக்கும் உரியது. ஆனால் ஒரே மழை ஓரூரை அழிப்பதும், மற்றோரூரைச் சேதத்தோடு விட்டுச் செல்வதும், அவ்வூரார் மழைக்கு முன்பு என்ன செய்தனர் என்பதைப் பெரிதும் பொறுத்தது.

அக்காலச் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திரூர்க் கிராமத்தில் 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. அந்நாளைய கிராமச் சங்கங்களின் அடிப்படை அளவற்ற பொறுப்பு. ஒருவர் கடனுக்கு அனைவரும் பிணை. பிணை கொடுக்க ஏதுமற்ற ஏழை உழவர் ஒருவருக்கொருவர் பிணையாகி நிமிர்ந்தனர். பருவநிலையும் இன்று நம் எல்லோர் மீதும் அளவற்ற பொறுப்பைச் சுமத்தியிருக்கிறது. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அண்டை வயலாரின் கரை உடைந்தால் நமக்கும் நட்டமே. சமுதாயத்தால் இயலுமா என்ற கேள்விக்கு உலகம் எப்போது விடை கூறுமோ அறியோம். நமது சங்கத்தால் இயலுமா என்பதற்கு விடை கூற வேண்டியவர்கள் அங்கத்தினர்களே. அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஏரியும் தறியும் முதலிடம் பெறுமாக!