ஒரு வயல், ஒரே கரும்பு

பொங்கலன்று நாம் கடித்துச் சுவைக்கும் பன்னீர்க் கரும்பு வேறு; நெல்லிக்குப்பத்திற்கும் சேத்தியாத்தோப்பிற்கும் வண்டி வண்டியாகச் செல்லும் ஆலைக் கரும்பு வேறு. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை இந்த ஆலைக் கரும்பு வயல்களைக் காண்கின்றோம். ஒரு வயலிலுள்ள கரும்பெல்லாம் ஏறத்தாழ ஒரே பருமன். ஒரே காலத்தில் முதிர்கின்றன. ஆலைக்கு வேண்டுவதும் இதுவே. பாதி முதிர்ந்து பாதி பிஞ்சாக இருந்தால் சர்க்கரைக் கட்டுமானம் குறைந்துவிடும்.

இவ்வொற்றுமை எப்படி வருகிறது? நாம் கரும்பை விதைப்பதில்லை. பருக்கள் உள்ள கரணையை நடுகின்றோம். ஆகவே தாய்க் கரும்பின் குணம் அப்படியே சேயிலும் அமைகிறது. கரும்புக்கு விதையும் உண்டு. பஞ்சு போன்ற அதன் பூவில் முளைக்கும் நூறு நாற்றும் நூறு விதமாக இருக்கும். பண்ருட்டிப் பலாக்கொட்டையை நட்டு ஏமாந்தவர்களைக் கேட்டால் இதன் பொருள் நன்கு விளங்கும்!

ஆயினும் புதிய இரகம் பிறப்பது அந்த விதையிலிருந்துதான். 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே பார்பர் என்ற ஆங்கிலேயரும் வெங்கட்ராமனும் இனிப்புக் கரும்பைக் காட்டு நாணலுடன் கலந்து கோ 205 இரகத்தை உண்டாக்கினர். பிற்காலத்தில் ஜானகி அம்மாள் என்ற பெண் விஞ்ஞானி அந்நிலையத்தில் ஆராய்ச்சி செய்தார் என்பது மாணவியராகிய நமக்குப் பெருமை. ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, ஆண்டுதோறும் கழித்துக் கழித்து, இறுதியில் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுக்கின்றனர். பத்தாண்டுகளுக்கு மேலும் ஆகலாம். பின்னர் அந்த ஒன்றையே கரணையாகப் பெருக்குகின்றனர்.

நம் கடலூர் ஆராய்ச்சி நிலையம் தந்த கோ.க. 671 அத்தகையது. குயின்ஸ்லாந்து இரகம் ஒன்றும் கோ 775-உம் அதன் பெற்றோர். விரைவில் முதிரும், சர்க்கரை மிகுதி. கடலூரில் தோன்றிய அக்கரும்பு மராட்டியம், குஜராத் வரை பரவியது.

ஆனால் ஒன்றைத் தாக்கும் நோய், அதே போன்ற அனைத்தையும் தாக்குமன்றோ? செவ்வழுகல் என்னும் பூஞ்சண நோய் வந்தது. இலை மஞ்சளாகிக் காயும். தண்டைப் பிளந்தால் உள்ளே சிவப்பு, குறுக்கே வெண்திட்டுகள், புளித்த வாடை. நோயுள்ள கரணை வழியே அது வயலுக்கு வயல் சென்றது. கோ.க. 671-ஐப் பல இடங்களில் உழவர் கைவிட நேர்ந்தது. அண்மையில் உத்தரப் பிரதேசத்தில் பெரும்பகுதி நிலத்தைப் பிடித்திருந்த கோ 0238-க்கும் இதே கதி. கரும்புப் பணம் வந்தால்தான் பள்ளிக் கட்டணம் என்றிருக்கும் இல்லங்கள் நம்மிடையே பல. ஓராண்டுப் பயிர் அழுகினால் அவ்வீடுகளில் என்ன நடக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

நோயுற்ற வயலில் மறுதாம்பு விடலாகாது. கரணையை நோயற்ற நாற்றங்காலிலிருந்தே எடுக்க வேண்டும். ஒரே இரகத்தை ஊர் முழுதும் நடுவதும் ஆபத்து. புதிய இரகங்களுக்கு வேண்டிய எதிர்ப்புக் குணத்தை விஞ்ஞானிகள் பழைய இரகங்களிலும் காட்டு நாணலிலும் தேடுகின்றனர். இதற்காகவே கோயம்புத்தூர் நிலையத்தின் கண்ணூர்க் கிளையில் உலகின் பல நாட்டுக் கரும்புகளையும் அருகருகே நட்டு, அழியாமல் மீண்டும் மீண்டும் நட்டுக் காத்து வருகின்றனர்.