நிலத்துக்கேற்ற துவிச்சக்கர வண்டி

ஓட்டம் என்றால் விரைவு என்பதே எவர்க்கும் முதலில் தோன்றும் பொருள். ஆயினும், இலங்கைக் கிராமங்களின் விளையாட்டு விழாக்களில் நடைபெறும் ஓட்டமொன்று இப்பொருளைத் தலைகீழாக்கி விடுகின்றது. மெதுவான சைக்கிளோட்டம் என்பது அதன் பெயர். புறப்பட்டவர்களுள் கடைசியாக எல்லைக்கோட்டை அடைபவரே அதில் வென்றவர். இடையில் கால் நிலத்திற் பட்டால் விலகிவிட வேண்டும். விரைந்து மிதித்து ஊரையே சுற்றி வரக்கூடிய இளைஞன் பத்தடி தூரத்துக்குள் தள்ளாடிக் கால் ஊன்றுவதும், நாள்தோறும் வயலுக்குச் சைக்கிளிற் சென்று பழகிய முதியவர் அசையாது நிற்பவர்போல ஊர்ந்து வந்து வெல்வதும் அங்கே அரிய காட்சியல்ல. வேடிக்கையாகத் தோன்றும் இவ்வோட்டத்துக்குள் உலகின் பல நாடுகளிற் பயிலப்படும் ஒரு விளையாட்டின் வித்து அடங்கியிருக்கின்றது. 'ட்ரயல்ஸ்' என வழங்கும் அவ்விளையாட்டைத் தமிழிற் சோதனையோட்டம் எனலாம்.

சோதனையோட்டத்தில் நேரத்தை முந்துவது முதன்மையன்று. பாறை, சேறு, ஓடை, செங்குத்தான மேடு முதலிய தடைகள் நிறைந்த குறுகிய பகுதியொன்றைக் கால் ஊன்றாமல் தாண்டுவதே நோக்கம். மோட்டார் சைக்கிட் போட்டிகளில் நெடுங்காலம் வழங்கி வந்த கணக்கு எளிதானது. ஒருமுறை கால் ஊன்றினால் குற்றப்புள்ளி 1. இருமுறை ஊன்றினால் 2. அதற்கு மேற்பட்டால் 3. விழுந்தாலோ பகுதியை முடிக்கத் தவறினாலோ 5. குறைந்த குற்றம் செய்தவரே வென்றவர். ஸ்கொத்லாந்தின் ஆறு நாட் சோதனையோட்டத்தின் வரலாறு 1909ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. பின்னர், 1970களிலும் 1980களிலும் ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியாப் பகுதியில் பேரே பீ என்பார் இவ்விளையாட்டை எஞ்சின் இல்லாத சைக்கிளுக்குக் கொண்டு வந்தார். சிறுவர் பழகுவதற்கென எழுந்த அது, காலப்போக்கில் உலகப் போட்டியாகவும் வளர்ந்தது.

இவ்விளையாட்டின் வரலாற்றிலிருந்து ஒரு பாடத்தை இங்கே குறிப்பிடலாம். சமி மில்லர் என்ற வீரர் பல ஆண்டுகளாக 500 சி.சி. ஏரியல் வண்டியில் வெற்றிமேல் வெற்றி பெற்றவர். அவர் அதைக் கைவிட்டு, ஏறத்தாழப் பாதியளவே எஞ்சின் கொண்ட, எடை குறைந்த ஸ்பானிய புல்ட்டாக்கோ வண்டியைத் தம் கருத்துப்படி அமைக்கச் செய்தார். 1965ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் ஆறு நாள் ஓட்டத்தை அவ்வண்டியிலேயே வென்றார். பெரிய வண்டியே சிறந்த வண்டி என்ற எண்ணம் அன்றோடு தளர்ந்தது. நிலத்துக்குப் பொருந்திய வண்டியே சிறந்த வண்டி என்பது தெளிவாயிற்று.

இப்பாடம் அம்பாறை மாவட்டத்து நாவிதன்வெளிக்கு எவ்வகையிற் பொருந்தும்? கல்முனையிலிருந்து மேற்கே, கிட்டங்கி வழியாகச் சென்றால் அடையப்படும் பிரதேசம் நாவிதன்வெளி. அன்னமலை, சவளக்கடை, சாளம்பைக்கேணி, சொறிக்கல்முனை, மத்தியமுகாம் முதலிய ஊர்கள் அங்கே உள்ளன. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர், இப்பகுதியின் வேளாண்மைக்கு வளமூட்டியது. தமிழரும் முஸ்லிம்களும் அயலயலே வயல் செய்யும் நிலம் அது. அங்கே சைக்கிள் செல்லும் வழி ஒன்றல்ல. தார் வீதி முடிந்தால் கிரவல் வீதி. அது முடிந்தால் வாய்க்காற் கட்டு. அதற்கப்பால் வட்டைக்குள் இறங்கும் ஒற்றையடி வரம்பு. கோடையில் இறுகிப் பாறையாகும் களிமண், மாரியிற் சுரியாகிச் சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். ஒருபுறம் வாய்க்கால், மறுபுறம் நாற்று. நடுவே ஒன்றரை அடி அகலம். புள்ளியிட நடுவர் இல்லையென்பதைத் தவிர, இதுவும் ஒரு சோதனையோட்டமே.

சைக்கிள் விழாமல் நிற்பதன் இரகசியம் யாது? வண்டி எப்பக்கம் சாய்கின்றதோ அப்பக்கமே முன்சக்கரம் சற்றுத் திரும்பவேண்டும். அவ்வாறு திரும்பும்போது சக்கரங்கள் உடலின் பாரத்துக்கு அடியில் மீண்டும் வந்து சேர்கின்றன. விரைந்து செல்லும் வண்டியில் இத்திருத்தத்தின் பெரும்பகுதி தானாகவே நிகழ்ந்துவிடும். வேகம் குறையக் குறைய, வண்டி தன் பொறுப்பைச் செலுத்துபவரிடம் ஒப்படைத்துவிடுகின்றது. அப்போது கையின் சிறு அசைவும், இடுப்பின் சிறு சாய்வும், மிதியின் மெல்லிய அழுத்தமும் சேர்ந்தே வண்டியை நிறுத்தி வைக்கின்றன. ஆகவே மெதுவாகச் செலுத்துவதற்கேற்ற வண்டியென்பது, இம்மூன்று கட்டளைகளுக்கும் உடனே கீழ்ப்படியும் வண்டியாகும். அதன் அமைப்பை உறுப்புறுப்பாக நோக்குவோம்.

முதலாவது, பற்சக்கரம். பெரிய 28 அங்குலச் சக்கரமுடைய பழைய சைக்கிளில் முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் இருப்பது வழக்கம். மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.4 மீற்றர் முன்னேறும். சமதரை வீதிக்கு அது சிறப்பு. சோதனையோட்டத்துக்கான 26 அங்குலச் சைக்கிளிலோ முன்னே 18, பின்னே 15 பற்களே இருத்தல் கூடும். அங்கே ஒரு சுற்றுக்கு வண்டி செல்வது ஏறத்தாழ 2.5 மீற்றர்தான். தூரம் பாதியிலும் குறைவு; கிடைக்கும் உந்துவிசையோ இருமடங்கிலும் கூடுதல். ஊர்ந்து செல்லும்போதும் மிதிக்கு நல்ல பிடி கிடைப்பது இதனாலேயே.

வயலுக்குச் செல்பவர் அந்த எல்லை வரையிற் போகத் தேவையில்லை; போனால் கல்முனைச் சந்தைக்குச் சென்று வரும்போது கால் ஓய்ந்துவிடும். பின்சக்கரத்துப் பிரீவீலை 18 பல்லிலிருந்து 22 பல்லாக மாற்றினாற் போதுமானது. அப்போது ஒரு சுற்றின் தூரம் ஏறத்தாழ 4.4 மீற்றராகும், மிதிக்கும் விசையிற் சுமார் ஆறிலொரு பங்கு மிச்சப்படும். சங்கிலியிற் கண்ணி கூட்ட வேண்டியும் வரலாம். சைக்கிள் திருத்துபவர் செய்துதரக்கூடிய சிறு வேலை அது. ஆனால் சேற்றில் அதன் பயன் பெரிது.

பிரீவீல் தேயாதிருப்பதும் முக்கியம். மிதியை அழுத்திய கணத்துக்கும் சக்கரம் அசையும் கணத்துக்கும் இடையே ஒரு வெறுமை உண்டு. சாதாரண பிரீவீல் ஒரு சுற்றில் ஏறத்தாழ 20 இடங்களிலே பற்றும். சோதனையோட்ட வண்டியில் அது 72 இடங்களிலும், சிலவற்றில் 108 இடங்களிலும் பற்றும்படி செய்யப்படுகின்றது. கால் நினைத்தவுடன் சக்கரம் அசையவேண்டும் என்பதே காரணம். தேய்ந்து வழுக்கும் பிரீவீலுடன் ஈர வரம்பில் ஏறுவது, வாய்க்காலில் விழுவதற்கு நாட்குறிப்பது போலாகும்.

இரண்டாவது, டயரும் அதன் காற்றும். டயர் நிலத்தைத் தொடும் பரப்பு எவ்வளவு என்பதை எளிய கணக்கால் அறியலாம். பின்சக்கரத்தின்மேல் 56 கிலோ பாரம் இருப்பதாகவும், டயரிற் சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தல் காற்று இருப்பதாகவும் கொள்வோம். தொடும் பரப்பு ஏறத்தாழ 16 சதுர சென்ரிமீற்றர். காற்றை 25 இறாத்தலாகக் குறைத்தால் அது ஏறத்தாழ இருமடங்காகும். பரப்புக் கூடினால் சக்கரம் சேற்றிற் குறைவாகப் புதையும். கல்லையும் வேரையும் தழுவிச் செல்லும். சோதனையோட்ட மோட்டார் சைக்கிள்களில் 5 இறாத்தல் அளவு காற்றோடு செலுத்துவோரும் உளர்.

ஆனால் இவ்வழி எல்லார்க்கும் பொதுவானதன்று. குறைந்த காற்று அகன்ற டயருக்கே பொருந்தும். ஒடுங்கிய டயரிற் காற்றைக் குறைத்தால், கல்லில் மோதும்போது டியூப் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி இரட்டைத் துளை விழும். கரியரில் நெல் மூடை ஏற்றிய வண்டியிற் காற்றைக் குறைப்பது பெருந்தவறு. வெறும் வண்டியாகச் சுரியைத் தாண்டும்போது சற்றுத் தளர்த்துவதும், பாரம் ஏற்றுமுன் மீண்டும் நிரப்புவதுமே முறை. அதற்காகக் கைப்பம்பு ஒன்றை வண்டியோடு கட்டி வைத்திருத்தல் நன்று.

மூன்றாவது, தடுப்பு. மெதுவாகச் செல்பவருக்குத் தடுப்பு எதற்கு என்று சிலர் கேட்கக் கூடும். உண்மையில் மெதுவாகச் செலுத்துபவரே தடுப்பை மிகுதியாக நம்பியிருக்கின்றார். சோதனையோட்ட வீரர் ஒரு விரலாற் பிடித்துச் சக்கரத்தை உறையச் செய்து, அந்த நிலையில் உடலைத் திருத்திக்கொண்டு, மீண்டும் அவிழ்த்துச் செல்வார். பழைய சைக்கிள்களின் பளபளப்பான உருக்கு விளிம்பு நனைந்தால், தடுப்புக்கட்டை வழுக்கிப் போகும். அலுமினிய விளிம்பில் ஈரத்திலும் பிடிப்பு ஓரளவு நிலைக்கும். விளிம்பை மாற்ற வசதியில்லாதவர் கட்டையைக் காலத்துக்குக் காலம் மாற்றுவதும், தண்ணீரைக் கடந்தவுடன் தடுப்பை மெல்ல அழுத்தி விளிம்பைத் துடைத்துக்கொள்வதும் வேண்டும்.

நான்காவது, இருக்கை. வீதியில் நெடுந்தூரம் செல்பவருக்கு, மிதி தாழ்ந்த நிலையிற் கால் ஏறத்தாழ முழுதும் நீளுமளவு இருக்கை உயர்ந்திருத்தல் நலம். கரடுமுரடான இடத்திலோ செலுத்துபவர் மிதிகளின்மேல் எழுந்து நின்று, வண்டியைத் தன் அடியில் ஆடவிட வேண்டும். இன்றைய சோதனையோட்டச் சைக்கிள்களில் இருக்கையே இல்லாதவை பல. வயல்வழி செல்பவர் இருக்கையை ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் தாழ்த்தினாற் போதும். தேவைப்படின் இரு கால்களும் எளிதில் நிலத்தை எட்டும்.

ஐந்தாவது, சேற்றுக்கு வழிவிடுதல். களிமண் டயரோடு எழுந்து மட்காட்டுக்குள் அடைந்துவிட்டாற் பற்சக்கர மாற்றமும் பயன்தராது; சக்கரமே நின்றுவிடும். டயருக்கும் மட்காட்டுக்கும் இடையே ஒரு விரலேனும் நுழைய இடம் இருக்கவேண்டும். மாரி மாதங்களில் முன் மட்காட்டைக் கழற்றி வைத்தாலும் குற்றமில்லை.

இவற்றையெல்லாம் கேட்டுப் புதிய வண்டி வாங்கவேண்டுமோ என்று எவரும் மலைக்கத் தேவையில்லை. ஸ்கொத்லாந்தின் ஸ்கை தீவிற் பிறந்த டனி மக்கஸ்கில் என்ற இளைஞர் எடின்பரோ நகரிற் சைக்கிள் திருத்துபவராக வேலை செய்தவர். 2009ஆம் ஆண்டில் அவர் மதிலின்மேலும் வேலிமுனையிலும் சைக்கிள் செலுத்திய காணொளி வெளியாகி உலகெங்கும் பார்க்கப்பட்டது. கருவியின் இயல்பைத் தம் கையால் அறிந்தவரே அதன் எல்லையையும் அறிவர் என்பதற்கு அவர் சான்று. ஊர்ச் சந்தியிற் சைக்கிள் திருத்துபவரிடம், தாம் எவ்வழியிற் செல்கிறார், என்ன பாரம் ஏற்றுகிறார் என்று ஒருவர் விளக்கிச் சொன்னாற் பாதி வேலை முடிந்ததாகும். வழியைச் சொல்லாது வண்டியை மட்டும் கேட்பதாலேயே பலர் தவறான வண்டியை வாங்குகின்றனர்.

இனி, வண்டியிற் பூட்டமுடியாத ஓர் உறுப்பு எஞ்சியுள்ளது. சோதனையோட்ட வீரர் எவரும் ஒரு பகுதிக்குள் நேரே வண்டியைச் செலுத்துவதில்லை. முதலில் இறங்கி நடந்து பார்ப்பார். எங்கே கல் ஆடும், எங்கே சேறு ஆழம், எங்கே திரும்ப இடமுண்டு என்று கண்ணாலும் காலாலும் அளந்த பின்பே ஏறுவார். வரம்பில் இப்பழக்கம் நாற்றைக் காக்கும். வெள்ளத்தில் உயிரைக் காக்கும்.

கிட்டங்கியின் தாழ்ந்த தாம்போதி, மாரி வெள்ளத்திற் பலமுறை நீரில் மூழ்கி, கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையிலான போக்குவரத்தைத் துண்டித்திருக்கின்றது. அத்தகைய வேளைகளில், "முழங்காலளவு தண்ணீர்தானே" என்ற சொல் எழுவது இயல்பு. பாடசாலையும் மருத்துவமனையும் சந்தையும் மறுகரையில் இருக்கும்போது அச்சொல்லின் இழுப்பும் பெரிது. ஆனால் நீரின் விசை அதன் வேகம் இருமடங்கானால் நான்கு மடங்காகும். அரையடி ஆழமுள்ள விரைநீரே வளர்ந்த ஒருவரின் காலை வாரவல்லது; இரண்டடி நீர் பெரும்பாலான மோட்டார் வாகனங்களையும் இழுத்துச் செல்லவல்லது. அகன்ற டயரோ சிறிய பற்சக்கரமோ அங்கே எதுவும் செய்யாது. மேலும், நீருக்கடியில் வீதியே அரிக்கப்பட்டுப் போயிருந்தால் அதைக் கலங்கல் நீர் காட்டாது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், காரைதீவை அடுத்த மாவடிப்பள்ளியில், வெள்ளம் பாய்ந்த வீதியிற் சென்ற உழவு இயந்திரம் ஒன்று மதரசா மாணவர்களோடு அள்ளுண்டது. வீடு திரும்பப் புறப்பட்ட பிள்ளைகள் பலர் வீடு சேரவில்லை. உழவு இயந்திரத்தின் எடைக்கே அந்நீர் பணியவில்லையெனில், சைக்கிளின் எடை எம்மட்டு?

சோதனையோட்டத்திற் கால் ஊன்றுவது குற்றம். அதற்குப் புள்ளி உண்டு. வாழ்க்கை வழியில் அத்தகைய நடுவர் எவருமில்லை. நிலம் இடங்கொடுக்கும் இடத்தில் அதற்கேற்ற வண்டியில் ஊர்ந்து செல்வதும், நீர் இடங்கொடாத இடத்தில் இறங்கி, வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கரையிற் காத்திருப்பதும் ஒரே அறிவின் இரு பக்கங்களாம். கடைசியாக வந்தவரே வென்றவர் என்னும் மெதுவான சைக்கிளோட்டத்தின் விதி, மாரி காலத்துக் கிட்டங்கிக்கும் பொருந்தும்.