92ஆ, 95ஆ?

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எஞ்சினின் அமுக்க விகிதம் குறைவாக இருந்தது அதற்குக் கைகொடுத்தது.

அமுக்கும்போது எரிபொருள் தானாகப் பற்றாமல் தாக்குப்பிடிக்கும் திறனைத்தான் ஒக்டேன் எண் காட்டுகிறது. எஞ்சினின் வலுவை அல்ல. மொறிஸ் மைனரின் அமுக்க விகிதம் 9க்கும் குறைவு. அதற்கு ஒக்டேன் 92 பெற்றோலே தாராளம். அமுக்கம் கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு 95 தேவைப்படலாம்.

பாரத்தோடு வேகமெடுக்கும்போது எஞ்சினில் ‘டிக் டிக்’ என்று தட்டுகிறதா? முதலில் மெக்கானிக்கிடம் ஸ்பார்க் ரைமிங்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிறகும் தட்டினால் 95 அடியுங்கள்.